பலவேசம் எழுந்தான், பிணம் எழவில்லை

ஷூட்டிங் முடிந்து டைரக்டர் பேக்கப் சொன்னதும் பலவேசம் பாடையிலிருந்து எழுந்து, மூக்கில் அடைத்திருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான். அவனுடைய பிணம் மட்டும் எழவில்லை. அது அரிசி ஆலைக் களத்தில், பச்சை ஓலை விரித்த பாடையில், நெற்றியில் காசும் கழுத்தில் சம்மங்கி மாலையும் மூக்கில் பஞ்சுமாக அப்படியே கிடந்தது.

முதலில் பார்த்தவள் ஆலையில் நெல் காயப்போடும் சொர்ணம். வெயில் தாழ்கிறதே, நெல்லைக் குவிக்க வேண்டுமே என்று பலகையோடு வந்தவள், யாரோ துண்டை மறந்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோல, "யண்ணாச்சி, இதக் கெடத்திப் போட்டுட்டுப் போறியளே, நாங்க நெல்லு குமிக்காண்டாமா?" என்று கூப்பிட்டாள். பலவேசம் டீ கிளாசோடு திரும்பி வந்து குனிந்து பார்த்தான். தன் மூக்கைத் தொட்டான், பிறகு அதன் மூக்கைத் தொட்டான்.

"நாந்தான்," என்றான். "செத்தா இம்புட்டுக் கருத்துப் போவேனா, மாப்ளே?"

மாப்ளே என்று அவன் கூப்பிட்டது டைரக்டர் மாசானமுத்துவை. மாசானமுத்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான், சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான், ஏனென்றால் இது யாரால் வந்தது என்று அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மேலப்புதுக்குளத்தில் ஆல்பம் பாட்டு எடுக்கிறவர்கள் மூன்று பேர், மூவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாசானமுத்துவுக்கு மைக் செட் கடை, கல்யாண வீடியோவும் எடுப்பான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். ஆனால் தன்னைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய வாத்தியார் செத்தபோது துட்டி கேட்கப் போகாதவன், கோயில் கொடை விழா நோட்டீஸில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்ட அச்சகத்துக்காரரோடு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவன், எந்தக் கல்யாணப் பந்தியில் தன்னைத் தாண்டி அப்பளக் கூடை போனது என்று கேட்டால் பரிமாறியவனின் தகப்பன் பெயரோடு சொல்லக்கூடியவன். பலவேசம் கொத்தனார், நன்றாக ஆடுவான், அதைவிட நன்றாகச் சிரிப்பான், சாரத்தின் மேல் நின்று அவன் சிரித்தால் அடுத்த தெருவில் கைவேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். சேர்மத்துரைக்கு செல்போன் ரிப்பேர் கடை. கேமரா அவனுடையது, மெட்டும் குரலும் அவனுடையவை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆலையில் மூட்டை தள்ளும் வண்டியில் கேமராவை வைத்துத் தள்ளுவார்கள், அது டிராலி. தெர்மாகோல் அட்டையை வெயிலுக்குக் காட்டுவார்கள், அது லைட். வாளியில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவினால் பனி, ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அமுக்கி ஆகாசத்தைப் பார்த்துப் பீய்ச்சினால் மழை. இப்படியே அம்மன் பாட்டும் காதல் தோல்விப் பாட்டும் எடுத்தார்கள், ஊர் அதைக் கேலி செய்துகொண்டே பார்த்தது, பார்த்துக்கொண்டே கேலி செய்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தது நட்புப் பாட்டு. நண்பன் செத்துக் கிடக்கிறான், இன்னொரு நண்பன் மேலே விழுந்து அழுகிறான். செத்துக் கிடக்கப் பலவேசம், விழுந்து அழ, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், டைரக்டரே. அவன் விழுந்து அழும்போதெல்லாம் பிணத்தின் வயிறு குலுங்கியது. வாய்க்கட்டையும் மீறிச் சிரிப்பு பொங்கியது.

"மாப்ளே, மூணு நாளா வயித்தால போவாதவன் மாரி மொகத்த வச்சிக்கிட்டு நீரு அழுதா, நான் எப்படிவே செத்துக் கெடக்க?"

நெல் கிண்டும் பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள், ஆலைக்கார அணஞ்சபெருமாள் அண்ணாச்சி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார், கையிலிருந்த கேமரா ஆடும் அளவுக்குச் சேர்மத்துரை சிரித்தான். மாசானமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கேமராவை வாங்கி, பலவேசத்தின் சிரிப்பு விழுந்த டேக்குகளை ஒவ்வொன்றாக அந்த இடத்திலேயே நின்று அழித்தான்.

பிணமாக நடித்தவர் பாடையை விட்டு இறங்கும் முன்னால் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும், அதையும் ஒரு ஷாட்டாக எடுத்து வைக்க வேண்டும் என்பது படம் எடுக்கிறவர்கள் மத்தியில் உள்ள வழக்கம். செத்ததை இல்லையென்று ஆக்குவது அந்தச் சிரிப்புதான். பூசணிக்காய் உடைக்க மறந்தவர்கள்கூட இதை மறக்கமாட்டார்கள். சேர்மத்துரை கேமராவை இறக்காமல், "சிரிப்பு ஷாட்டு எடுத்துருவமா?" என்று கேட்டான். பலவேசம் வாய்க்கட்டை அவிழ்த்துத் தலையைத் தூக்கித் தயாராகவே இருந்தான்.

"இன்னைக்கி அவரு சிரிச்சது போதும்," என்றான் மாசானமுத்து. "பேக்கப்."

களத்தில் இருந்த எல்லோருடைய காதிலும் அது விழுந்தது.

பலவேசத்தின் மனைவி உலகம்மாளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வந்து பாடையில் கிடந்தவனையும் பக்கத்தில் நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தாள், புருவத்தின் மேலிருந்த பழைய தழும்பு இரண்டு பேருக்கும் இருக்கிறதா என்று பார்த்தாள், பிறகு மாசானமுத்துவிடம், "அண்ணே, இத வீட்டுக்குக் கொண்டு போவணுமா, இங்கேயே கெடக்கட்டுமா?" என்று கேட்டாள். வெளியிடத்தில் கிடக்கும் பிணத்தை வீட்டு நடைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள். சரி என்று அவள் வீட்டிலிருந்து நல்ல போர்வையாக ஒன்று கொண்டுவந்து அதற்குப் போர்த்திவிட்டு, புருஷனைக் கையைப் பிடித்து, குழம்பு ஆறுது என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தார், நாடியைப் பிடித்துப் பார்த்துப் பிணம்தான் என்றார், முகர்ந்து பார்த்து ஆனால் கெடவில்லை என்றார், இதில் தனக்கு வேலையில்லை என்று போய்விட்டார். கிராம நிர்வாக அலுவலர், செத்ததற்குச் சான்று வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றார், பலவேசமே போய் எழுதிக் கொடுத்தான், மனுதாரர் யார், இறந்தவருக்கு என்ன உறவு என்று படித்துவிட்டு அவர் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயிலில்தான் சிக்கலாக இருந்தது. ஊரில் பிணம் கிடக்கும்போது நடை திறக்கக் கூடாது, ஆனால் செத்தவன் தெருவில் சாந்துச் சட்டியோடு போகிறான். பேசிப் பேசிக் கடைசியில் காலையில் திறப்பது, மாலையில் சாத்திவிடுவது என்று முடிவு செய்தார்கள், அம்மனும் அதற்குப் பழகிக்கொண்டாள்.

ஆலைக்கு அதனால் நன்மைதான் வந்தது. பிணம் கிடக்கும் களத்தில் காக்காயும் புறாவும் இறங்கவில்லை, நெல் சிந்தாமல் சேதாரமில்லாமல் காய்ந்தது, பாடையைச் சுற்றி நெல்லைப் பரப்பிக் காலால் கிண்டிக்கொண்டு போகும் பெண்கள் திரும்பும் இடத்தில் "செத்த நவுந்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்கள். அணஞ்சபெருமாள் அண்ணாச்சி அதற்கு மேலே ஒரு தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். "நம்ம ஆளு. வெயில்ல கெடக்காண்டாம்," என்றார்.

அப்புறம் ஒரு மத்தியானம் சொர்ணம் பலகையைச் சாத்திவைத்துவிட்டுப் பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் மஸ்கட்டில் வேலைக்குப் போன இடத்தில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்டவன். முகம் பார்க்கக் கொடுத்து வைக்காதவள் அவள். பலவேசத்தின் பிணத்தைப் பார்த்துக்கொண்டே, தன் புருஷன் பெயரைச் சொல்லி, அவள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள், பொழுது சாயும்வரை வைத்தாள், பிறகு எழுந்து முகம் கழுவி நெல்லைக் குவித்தாள். அடுத்த நாள், தகப்பன் செத்த அன்று பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருத்தி வந்தாள். அதற்கப்புறம் கடலில் போய்த் திரும்பாதவர்களின் அம்மாமார் உவரியிலிருந்தும் கூத்தங்குழியிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள், பிள்ளையின் பழைய சட்டையைக் கொண்டுவந்து அதன் நெஞ்சில் வைத்து அழுதுவிட்டு, சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அழுவதற்குப் பிணம் கிடைக்காதவர்கள் அந்தப் பக்கத்தில் இத்தனை பேர் இருந்தார்கள் என்பது ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலை முடிந்து வரும் பலவேசம் களத்தின் ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்த்து யாராவது அழுகையை நிறுத்தினால், "நீங்க அழுங்க தாயி, நான் சும்மா இருக்கேன்," என்பான்.

மாசானமுத்து யாராவது தன்னைக் கேட்பார்கள் என்று காத்திருந்தான். ஒருவரும் கேட்கவில்லை. டீக்கடையில் அவனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள், தெருவில் "என்ன டைரக்டரே" என்று எப்போதும்போல் கேலி செய்தார்கள், நட்புப் பாட்டு வெளிவந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தபோது அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மற்றவர்களின் தப்பையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தவனுக்கு, தன் தப்பை ஊரே மறந்துபோய்விட்டதைத் தாங்க முடியவில்லை. தன் பெயரைச் சின்னதாகப் போட்டதற்கு அச்சகத்துக்காரரோடு இத்தனை வருஷம் பேசாதவன், ஒரு மனிதனைப் பாதியாக்கிப் போட்டதற்குத் தன்னோடு எத்தனை வருஷம் பேசாமல் இருக்க வேண்டும் என்று கணக்குத் தெரியாமல் தவித்தான்.

"வே, என்னை ரெண்டு வார்த்தை வையுமேன்," என்று ஒருநாள் களத்து ஓரத்தில் பலவேசத்திடமே கேட்டான்.

"எதுக்கு?"

"எதுக்கா? எல்லாம் என்னாலதான?"

பலவேசம் பீடியைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தான். "ஆமா," என்றான், மழை பெய்ததா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. "அதுக்கு இப்பம் என்ன?"

விட்டுப்போன ஷாட்டை இப்போது எடுத்துவிடலாம் என்று மாசானமுத்துதான் கிளப்பினான். சேர்மத்துரை கேமராவைக் கொண்டுவந்தான், பலவேசத்தைப் பாடையின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், சிரியும் என்றார்கள். பலவேசம் உதட்டை இழுத்தான், பல் தெரிந்தது, கன்னம் ஏறியது, சிரிப்பு வரவில்லை. ஊரில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். கொடையில் கோமாளி வேஷம் கட்டுகிறவன் வேஷத்தோடு வந்தான், அணஞ்சபெருமாள் அண்ணாச்சி தன் மாமியாரைப் போல நடந்து காட்டினார், உலகம்மாள் புருஷனின் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உருண்டார்கள், அவன் மட்டும் பொறுமையாக, உதவி செய்ய ஆசைப்படுகிறவனைப்போல உட்கார்ந்திருந்தான்.

"வருது மாப்ளே, தொண்டக் குழி வரைக்கும் வருது," என்றான். "அதுக்கப்பறம் அங்க போயிருது." பாடையைக் காட்டினான். போர்வைக்கு வெளியே தெரிந்த பிணத்தின் முகத்தில், வாயோரத்தில், இப்போதுதான் சிரிக்கத் தொடங்கப் போகிறவன்போல ஒரு சுழிப்பு இருந்தது. அது முதல் நாளிலிருந்தே இருந்தது.

இப்படியே போயிருக்கும். ஆனால் பலவேசத்தின் மகள் ஆவுடைச்செல்விக்கு வள்ளியூரிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது, பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போனது, பூ வைக்க வந்த இடத்தில் பையனின் பெரியப்பா சொம்புத் தண்ணீரைக் குடித்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதிய. பொண்ணுக்குத் தகப்பனார் இருக்காவளா, இல்லியா?"

"இந்தா இருக்கேன்லா," என்றான் பலவேசம்.

"உங்களத்தான் பாக்கேன். வர்ற வழியில அவுகளயும் பாத்தேன். தாரை வாக்க ஒங்க கையப் புடிச்சா, நாளைக்கி எங்க ஊருல செத்தவன் கையால பொண்ணு வாங்குனோம்னு சொல்லுவானுவல்லா. ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல அது இருக்கணும். ரெண்டும் இருந்தா நாங்க எந்திரிச்சிருதோம்."

உள்ளே நின்ற ஆவுடைச்செல்வி வெளியே வந்தாள். "எங்கய்யா கையப் புடிச்சுக் குடுக்காம எனக்குக் கல்யாணம் வேண்டாம்," என்றாள். பலவேசம் மகளைப் பார்த்தான். பிணம் கிடக்க ஆரம்பித்த பிறகு அவன் முகத்தில் ஏதாவது தானாக அசைந்தது அன்று ஒருநாள்தான். "எனக்கு அது ஒண்ணுதான் வேணும், மாப்ளே," என்றான், கூட இருந்த மாசானமுத்துவிடம். "அதுக்கு வழி பாரும்."

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பிணம் என்று ஒன்று இருந்தால் அதைச் செய்ய வேண்டிய முறையில் செய்துவிட வேண்டியதுதான், எரித்துவிட்டால் இருப்பவன் ஒருவன்தான் என்று முடிவாயிற்று. எரித்தால் இவனும் விழுந்துவிட்டால் என்று உலகம்மாள் கேட்டாள், பிடிக்க ஆள் நிறுத்தலாம் என்றார்கள். சொர்ணம் எழுந்து, "எங்களுக்கு அழுவ வேற எடம் எங்க இருக்கு?" என்று கேட்டாள், எல்லோரும் ஒரு தடவை வந்து அழுத பிறகே தூக்கலாம் என்றார்கள். பிறகு கொள்ளி வைப்பது யார் என்று வந்தது. பலவேசத்துக்கு ஆண்பிள்ளை கிடையாது. தனக்குத் தானே வைத்துக்கொள்ள முறையில்லை. அண்ணன் மகன்கள், சித்தப்பா உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி என்று நழுவிவிட்டார்கள். கொள்ளி வைக்கிறவன் தலையில்தான் தீட்டு முழுக்க இறங்கும் என்றும், பலவேசத்தின் வீட்டில் அது ஒட்டாது என்றும், ஆனால் கொள்ளி வைத்தவன் ஒரு வருஷத்துக்கு எந்த நல்ல காரியத்திலும் கால் வைக்கக் கூடாது என்றும் பெரியவர்கள் சொன்னார்கள்.

"நான் வைக்கேன்," என்றான் மாசானமுத்து. கல்யாண வீடுகளில் பிழைப்பவன் அவன். கூட்டத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் எதையும் மறந்திருக்கவில்லை என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

கடைசியாக அழ வேண்டியவர்கள் எல்லோரும் வந்து அழுது முடிக்கும்வரை காத்திருந்து, சாயங்காலம் சுடுகாட்டுக்குத் தூக்கினார்கள். மொட்டையடித்த தலையும் ஈர வேட்டியுமாக மாசானமுத்து தோளில் குடத்தை ஏற்றிச் சுற்றி வந்தான், குடம் ஓட்டை வழியாக ஒழுகியது, கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள். பலவேசம் வேப்பமரத்தடியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் விழுந்தால் பிடிக்க இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். மாசானமுத்து நீட்டிய கையோடு நின்றான். கட்டைகளுக்கு நடுவே தெரிந்த அந்த முகத்தில், அந்த வாயோரச் சுழிப்பில், தான் தர மறுத்த நிமிஷம் அப்படியே நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான், கொள்ளியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டுக் கட்டைமேல் விழுந்து அழுதான், முகம் எப்படிப் போகிறது என்று தெரியாமல், எச்சில் ஒழுக, குரல் கிழிய அழுதான்.

எல்லோரும் பலவேசத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சேர்மத்துரை யாருக்கும் தெரியாமல் துண்டுக்குள் வைத்திருந்த கேமராவை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தான்.

பலவேசம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவ சரியா வந்திருக்கு, மாப்ளே," என்றான். "இதையே வச்சிக்கிடலாம்."

யாரும் சிரிக்கவில்லை. மாசானமுத்து எழுந்து, கொள்ளியைத் திரும்ப வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு தீ வைத்தான்.

பலவேசம் விழவில்லை. மறுநாள் காலையில் சாந்துச் சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். கோயில் நடை இரண்டு வேளையும் திறந்தது, களத்தில் காக்காய்கள் இறங்கின, நெல் கிண்டும் பெண்கள் பாடை கிடந்த இடத்துக்கு வந்தால் பழக்கத்தில் ஒதுங்கிப் போனார்கள். சொர்ணம் அந்த இடத்தில் மட்டும் நெல் பரப்பமாட்டாள்.

கல்யாணம் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. கேமராவோடு சேர்மத்துரை போனான், மைக் செட்டும் போனது, மாசானமுத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தன்னுடைய குழாய் ஸ்பீக்கரில் வந்த மேளத்தைக் கேட்டான். கெட்டிமேளம் முடிந்து கொஞ்ச நேரம் ஆனதும் பலவேசம் பட்டு வேட்டியோடு, கையில் தூக்குச் சட்டியோடு தெருவில் வந்தான். தீட்டு வீட்டுப் படியில் அவன் கால் வைக்கக் கூடாது என்பதால் தெருவிலேயே நின்று சட்டியை நீட்டினான்.

"கையப் புடிச்சுக் குடுத்தேன் மாப்ளே," என்றான். "யாரும் ஒண்ணும் சொல்லல."

"நல்லது வே."

"மாமா வரலியேன்னு ஆவுட கேட்டா."

மாசானமுத்து சட்டியை வாங்கினான். ஊரில் யாரையும் மன்னித்துப் பழகாதவன், அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "வே, எம்மேல கோவந்தான ஒமக்கு? இருக்குல்லா?"

பலவேசம் உண்மையிலேயே தேடிப் பார்த்தான். வேட்டி மடிப்பில் வைத்த எதையோ தேடுகிறவன்போல நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றான்.

"இருந்துச்சு," என்றான். "நெறைய இருந்துச்சு மாப்ளே. நீரு பேக்கப்புன்னு சொன்னீருல்லா, அப்பமே ஒம்ம மூஞ்சியில அறையணும்னு வந்துச்சு. ஆனா எந்திரிக்கும்போது அது எங்கூட எந்திரிக்கல. சிரிப்பும் அதுவும் அங்கனேயே கெடந்துச்சு."

"அப்பம் இப்பம்?"

"இப்பம் என்ன? நீருதான் கொள்ளி வச்சிட்டீரே." அதில் குத்தல் எதுவும் இல்லை. "சோறு ஆறிரும், சாப்பிடும்."

மண்டபத்தின் ஸ்பீக்கரில் சேர்மத்துரையின் குரல் கேட்டது. பெண்ணின் தகப்பனார் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும், பெண்ணின் தகப்பனார் மேடைக்கு வரவும். பலவேசம் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு உயிரோடு இருக்கிற மனிதன் போகிற வேகத்தில், திரும்பிப் பார்க்காமல் போனான். கொள்ளி வைத்தவனைப்போலத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு முறை ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.